ஏழாவது வரி

ஐந்து நாள். ஐந்தே ஐந்து நாள்தான் லீவு எடுத்தேன். அக்காவுக்குப் பித்தப்பையில் கல் என்று அறுவை சிகிச்சை. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள என்னை விட்டால் ஆளில்லை. பதினொரு வருடத்தில் சேர்ந்தாற்போல் நான் லீவு எடுத்தது அதுதான் முதல் தடவை. அதற்குள் எல்லாவற்றையும் பாழ் பண்ணி வைத்திருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். வேலையிடத்திலும் இது எல்லோருக்கும் தெரியும். என் காதைப் பார்த்துவிட்டு வழியை மாற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அன்றைக்குக் காலையில் நான் உள்ளே நுழையும்போது என் காது சாதாரணமாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சண்டை போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நான் வரவில்லை.

நாங்கள் செய்வது செயற்கைக் காலுக்கான கணுக்கால். அதன் உயிர் உள்ளே இருக்கும் ஒரு துண்டு ரப்பர். தடித்த மெழுகுவர்த்தியில் ஒரு துண்டு அறுத்தது போல, உயரமும் அகலமும் ஒரே அளவாக இருக்கும். சிலிக்கான் ரப்பரில் மாவு போல் நுணுக்கிய இரும்புத்தூளைக் கலந்து, குமிழ் இல்லாமல் காற்றை உறிஞ்சி எடுத்து, அலுமினிய அச்சில் ஊற்றி, அடுப்பில் வைப்போம். அடுப்பின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் பெரிய காந்தங்கள். ரப்பர் இளகலாக இருக்கும்போதே இரும்புத் துகள்கள் காந்தத்தைப் பார்த்து எறும்பு வரிசை போல அணிவகுத்துவிடும். கெட்டியானதும் அந்த வரிசை அப்படியே உள்ளே நின்றுவிடும். பிறகு ரப்பரைச் சுற்றிக் கம்பிச்சுருள். கரண்ட் கொடுத்தால் வரிசையில் நிற்கும் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும், ரப்பர் இறுகும். நிறுத்தினால் அடுத்த நொடி தளரும். எவ்வளவு கரண்ட்டோ அவ்வளவு இறுக்கம். சமதளத்தில் நடக்கும்போது கணுக்கால் வளைந்து கொடுக்க வேண்டும். படி இறங்கும்போது தாங்கிப் பிடிக்க வேண்டும். கால் சாய்வதைப் பார்த்து எப்போது இறுக்குவது, எப்போது விடுவது என்று உள்ளே ஒரு சின்ன போர்டு முடிவு செய்யும்.

"உன் ரப்பர் உன்னை மாதிரியேதான். சட்டுன்னு இறுகுது" என்பார் என் வீட்டுக்காரர். "ஒரே வித்தியாசம், அது சட்டுன்னு தளரவும் செய்யுது."

அந்தக் கணுக்காலைப் போட்டு நடந்து பார்க்கும் ஆள் அவர்தான். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு லிஃப்ட் குழிக்குள் இடது காலை முழங்காலுக்குக் கீழே விட்டுவிட்டு வந்தார். நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. ஊர் முழுக்க லிஃப்ட் மாட்டிய மனிதரின் வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. வீட்டில் போட்டுக்கொள்ளும் பழைய செயற்கைக் காலின் கணுக்கால் கட்டை மாதிரி. படி இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பிக் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவார். "நண்டு கிளம்பிடுச்சு" என்று அவரே சொல்லிக்கொள்வார். அதைக் கேட்டுச் சிரிக்கிற அளவுக்கு என் மனம் இன்னும் கெட்டுப்போகவில்லை.

எங்கள் பரிசோதனை அறையில் எட்டுப் படி கொண்ட ஒரு மரப் படிக்கட்டு இருக்கிறது. அதில் மட்டும்தான் அவர் முன்பக்கம் பார்த்து இறங்குவார், மற்ற மனிதர்களைப் போல. மறுநாளைக்கு மறுநாள் மருத்துவமனைக் குழு வந்து பார்ப்பதாக இருந்தது. அவர்கள் தலையசைத்துவிட்டால் அந்தக் காலை அவர் வீட்டுக்கே கொண்டு போகலாம் என்று மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். இல்லை என்றால் இந்த வேலையையே மூடிவிடுவார்கள்.

அன்றைக்குக் காலையில் நான் போனபோது என் வீட்டுக்காரர் கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தார். புது ரப்பர் போட்டிருக்கிறார்கள் என்றார்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. முதல் மூணு தடவை கல்லு மாதிரி நின்னுச்சு. நாலாவது தடவை இறங்கறப்போ கடைசிப் படியில கொஞ்சம் மெத்துன்னு போச்சு. மெத்தை மேல கால் வெச்ச மாதிரி. நான்தான் அசந்துட்டேனோ என்னவோ."

அவர் அசருகிற ஆள் இல்லை. குனிந்து கணுக்கால் மூடியைத் தொட்டுப் பார்த்தேன். கை சுட்டது. இரண்டு வருடமாக அந்த மூடியைத் தொட்டிருக்கிறேன். கதகதப்பைத் தாண்டி அது போனதே கிடையாது. கம்பிச்சுருள் சூடானால் அதில் ஓடும் கரண்ட் குறையும். ரப்பரும் சூட்டில் இளகும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்தக் கட்டடத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் யார் ஏன் இவ்வளவு கரண்ட்டை ஏற்றி வைத்தார்கள்?

புதுத் தொகுப்பிலிருந்து ஒரு ரப்பரை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா ரப்பரும் ஒரே கறுப்புதான். எனக்கு ஒரு வழி உண்டு. ரப்பரைப் படுக்கைவாட்டில் ஒரு தையல் நூலில் கட்டி இரண்டு காந்தங்களுக்கு நடுவில் தொங்கவிடுவேன். உள்ளே இருக்கும் வரிசை காந்தத்தைத் தேடித் திரும்பும். நல்ல ரப்பர் என்றால் தட்டையான முகத்தைக் காந்தத்துக்குக் காட்டி நிற்கும்.

இது திரும்பிக் குறுக்கே நின்றது. விரலால் தள்ளிவிட்டேன். ஆடிவிட்டு மறுபடியும் குறுக்கே. இன்னொரு ரப்பர். அதுவும் குறுக்கே. காலில் இருந்ததைத் தவிர மற்ற பதினொன்றையும் தொங்கவிட்டேன். பதினொன்றும் எனக்கு முதுகைக் காட்டின.

காது சிவந்தது எனக்கே தெரிந்தது.

அடுப்பறையைப் பார்த்துக்கொள்பவரை நாங்கள் அடுப்பு அண்ணன் என்போம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், குரலை உயர்த்தாதவர். உட்கார்ந்து கையுறையைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்த வேகத்தில் அது சுவரில் மோதித் திரும்பி வந்தது.

"அண்ணே, அச்சை எப்படி வெச்சீங்க?"

"எப்படின்னா?"

"நிறுத்தி வெச்சீங்களா, படுக்க வெச்சீங்களா?"

"படுக்கத்தான் வெச்சேன். நிறுத்தினா ஆறுதான் போகுது. படுக்க வெச்சு ரெண்டு அடுக்கா அடுக்கினா பன்னெண்டு போகுதும்மா. சார் நிறைய வேணும்னு கேட்டாரு."

பொத்துக்கொண்டு வந்தது எனக்கு. என்னவெல்லாம் கத்தினேன் என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருபது வருடம் அடுப்பு பக்கத்திலேயே உட்கார்ந்து மூளையும் வெந்துபோய்விட்டதா என்று கேட்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அச்சைப் படுக்க வைத்தால் வரிசை குறுக்கே ஓடும், எடை விழுகிற திசையில் நிற்காது, கரண்ட் கொடுத்தாலும் இறுக்கம் பேருக்குத்தான் ஏறும், அதை ஈடுகட்டக் கண்மண் தெரியாமல் கரண்ட்டை ஏற்றினால் முதல் நிமிடம் நன்றாகக் காட்டிவிட்டு அப்புறம் சூட்டில் தொளதொளத்துப் போகும், இதெல்லாம் தெரியாதா உங்களுக்கு என்று பொரிந்து தள்ளினேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் முதல் நிமிடத்து அளவைத்தான் எழுதிக்கொள்வார்கள். அதனால்தான் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

நான் மூச்சு வாங்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு எழுந்து, சுவரில் பிளாஸ்டிக் உறைக்குள் மாட்டியிருந்த செய்முறைத் தாளைக் கழற்றி என் முன்னால் வைத்தார். என் கையெழுத்து.

"நிறுத்தி வைக்கணும்னு எங்கம்மா எழுதியிருக்கே? காட்டு."

தாளில் பதினாலு வரி. ஆறாவது வரி: அச்சில் ஊற்றி மூடியை இறுக்கவும். ஏழாவது வரி: அச்சுகளைக் காந்தங்களுக்கு நடுவில் வைத்து அடுப்பைப் போடவும். அவ்வளவுதான்.

"நீ நிறுத்தி வெக்கிறதைப் பார்த்திருக்கேன்" என்றார் அவர் அதே குரலில். "கேட்டும் இருக்கேன், ஏம்மா இப்படி வெக்கிறேன்னு. எடுக்கறதுக்கு வசதியா இருக்கும் அண்ணேன்னு சொன்னே. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். எனக்கு வசதி வேணாம், பன்னெண்டு போனாப் போதும்னு படுக்க வெச்சேன். இதுல எங்க வெந்து போச்சு என் மூளை?"

ஏழாவது வரியின் மேல் விரலை வைத்தேன்.

சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அந்தத் தாளில் பதினைந்து வரி இருந்தது. எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் சிரிப்பு. ஆளை வேலையை விட்டு அனுப்பும்போதும் அதே சிரிப்புதான். அவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, உங்கள் தலைக்குள் இருப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், கோப்பில் இருக்கட்டும் என்றார். நானும் பெருமையாக எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் நகல் எடுக்கும் எந்திரத்துக்குப் பின்னால் நான் குனிந்து காகிதம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார்: "எழுதி வாங்கியாச்சு. இனிமே அந்தம்மா இருந்தாலும் ஒண்ணு, இல்லைன்னாலும் ஒண்ணு."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒன்பதரை வருடம் அந்த இரும்புத்தூளைச் சுவாசித்து என் கைக்குட்டையெல்லாம் சாம்பல் நிறம். அன்று மத்தியானமே போய், எழுத்துப்பிழை இருக்கிறது சார் என்று தாளைத் திரும்ப வாங்கி, வேறு தாளில் எழுதி, "அச்சுகளை நிறுத்தி வைக்கவும், படுக்க வைக்கக் கூடாது" என்ற ஏழாவது வரியை விட்டுவிட்டு, மற்றதை எண் மாற்றிக் கொடுத்தேன். அந்த ஒரு வரி என் கையில் இருக்கும்வரை யாரும் என்னை அசைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றரை வருடமும் அச்சை நானே வைத்தேன், அடுப்பு அண்ணனிடம் நானே பொய் சொன்னேன், நிம்மதியாகத் தூங்கினேன்.

"அண்ணே" என்றேன். அவர் தாளை மறுபடியும் சுவரில் மாட்டிவிட்டுக் கையுறையைத் தைக்க உட்கார்ந்துவிட்டார்.

கோபத்தைச் சும்மா விட முடியுமா? அதை எடுத்துக்கொண்டு நேராகச் சிரிப்பின் அறைக்குப் போனேன். ரப்பர் சரியில்லை, குழுவைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள் என்றேன். சரியான ரப்பர் செய்து, வெந்து, ஆறி, பழகி வர நாலு நாள் ஆகும். கையிருப்பில் இருந்த பழைய நல்ல ரப்பர்களும், காலிலிருந்து கழற்றியதும் சோதனைக் கூடத்தில் நசுங்கிப் பயனற்றுப் போயிருந்தன.

"எட்டுப் படி, அஞ்சு நிமிஷம்" என்றார் சிரித்துக்கொண்டே. "அஞ்சு நிமிஷம் உங்க ரப்பர் தாங்காதா? கரண்ட்டை ஏத்தி வெச்சாச்சு, நம்பர் எல்லாம் பிரமாதமா வருது."

"முதல் நிமிஷத்து நம்பர் சார் அது. பத்தாவது நிமிஷம் எடுத்துப் பாருங்க."

"பத்தாவது நிமிஷம் யாரு அங்க இருக்கப் போறா? ஒண்ணு சொல்லுங்க. நீங்க எழுதிக் கொடுத்தபடிதானே செஞ்சிருக்காங்க? அப்படி ஏதாவது தப்பு நடந்திருந்தா சொல்லுங்க, யார் மேல நடவடிக்கை எடுக்கணுமோ எடுத்துடறேன்."

அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் நேராக வந்து அந்த இடத்திலேயே விரலை வைத்தார். நான் சொல்லியிருக்கலாம். "எழுதினபடிதான் செஞ்சாங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அன்றைக்கு யார் மேல் இருந்த கோபத்தைவிடவும் என் மேல் இருந்த கோபம் அதிகம்; ஆனால் அது எனக்கு அப்போது பழக்கமில்லாத கோபம், எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டில் அதை என் வீட்டுக்காரர் மேல் போட்டேன்.

"நீங்க நாளை மறுநாள் ஏறக்கூடாது" என்றேன். அவர் பழைய காலைக் கழற்றி வைத்துவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்?"

"ரப்பர் சரியில்ல."

"யாரு தப்பு?"

"யாரு தப்பா இருந்தா என்ன? சரியில்லன்னா சரியில்லதான்."

"எட்டுப் படி. கைப்பிடி இருக்கு. மெத்துன்னு போனா பிடிச்சுக்கறேன். எவ்ளோ உயரத்துல தொங்கி வேலை பார்த்தவன் நான், எனக்குப் பிடிச்சுக்கத் தெரியாதா?"

"பிடிச்சுக்கத் தெரிஞ்சுதான் காலை விட்டுட்டு வந்தீங்களா?"

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஆறு வருஷம்" என்றார். "எதிர் வீட்டுக்காரங்க படியில வந்தா, நான் சுவத்தோட சுவரா ஒட்டிக்கிட்டு அவங்க போற வரைக்கும் நிக்கறேன். சின்னப் பசங்க 'அங்கிள் நான் பிடிச்சுக்கவா'ங்குது. எனக்கு ஒலிம்பிக் ஓடணும்னு ஆசை இல்ல. என் வீட்டுப் படியில முன்னாடி பார்த்து இறங்கணும். அவ்ளோதான். அந்தக் குழு வேணாம்னு சொல்லிட்டா இந்த ஜென்மத்துல அது நடக்காது. உன் கோபத்தையெல்லாம் மூட்டை கட்டி வெச்சுட்டு அன்னிக்கு ஒரு நாள் சும்மா இரு. எனக்காக."

எனக்காக என்று அவர் கேட்பது அபூர்வம். சரி என்றேன். எட்டுப் படிதானே, அஞ்சு நிமிடம்தானே என்று சிரிப்பின் வார்த்தையையே எடுத்து எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த நாளும் வந்தது. குழுவில் மூன்று பேர். தலைவர் ஓர் எலும்பு மருத்துவர். நரைத்த தலையும் கறாரான பார்வையும் கொண்ட அம்மா. என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் எட்டுப் படியையும் முன்பக்கம் பார்த்து இறங்கினார். கைப்பிடியைத் தொடவே இல்லை. ஒரு தடவை, இரண்டாவது தடவை. மற்ற இரண்டு பேரும் கைதட்டினார்கள். நான் அறை மூலையில் நின்று மூச்சை விட்டேன்.

மருத்துவரம்மா கைதட்டவில்லை. "இது பழகின படி" என்றார். "வீட்டுல இந்த மாதிரியா இருக்கும்? உங்க கட்டடத்துப் படியில இறங்கிக் காட்டச் சொல்லுங்க."

சிரிப்பு என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தாராளமா" என்றார்.

எங்கள் கட்டடத்துப் படி சிமெண்டு. இருபத்திரண்டு படி, நடுவில் ஒரு திருப்பம். எல்லோரும் மேல் மாடிக்குப் போனோம். என் வீட்டுக்காரர் மேல்படியின் விளிம்பில், இடது காலைக் கொஞ்சம் முன்னால் வைத்துத் தயாராக நின்றார். அப்போது பார்த்துச் சிரிப்புக்குப் பேச்சு வந்துவிட்டது. புகைப்படக்காரரை அங்கே நில் இங்கே நில் என்றார். இந்தப் பயணம் எப்படித் தொடங்கியது என்று ஆரம்பித்தார். என் வீட்டுக்காரரின் தோளில் கை போட்டு ஒரு படம், குழுவோடு ஒரு படம்.

கால் விளிம்பில் சாய்ந்து நின்றால் அந்த முட்டாள் போர்டு இறங்கப் போகிறார் என்று நினைத்துக் கரண்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சுவரில் கடிகாரம் இருந்தது. மூன்று நிமிடம். ஐந்து. ஏழு. மனிதன் பேசிக்கொண்டே இருக்கிறான். எட்டாவது நிமிடம் நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் குனிந்து கணுக்கால் மூடியில் கை வைத்தேன். சுரீரென்றது.

"எழுந்திரு" என்றார் என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு. "வாக்குக் குடுத்திருக்கே."

"இறங்காதீங்க."

"போ அந்தப் பக்கம்."

அவர் வலது காலை எடுத்து முதல் படியில் வைக்கப் போனார். முழு எடையும் இடது கணுக்கால் மேல் வரப் போகிற நேரம்.

"இறங்காதீங்கன்னு சொல்றேன்ல!" என்று நான் கத்தியது கீழே வாசல் காவலர் வரைக்கும் கேட்டிருக்கும். அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். இஸ்திரி போட்ட சட்டை; ஒரு பொத்தான் தெறித்துப் படியில் உருண்டு போயிற்று. அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"அம்மா கொஞ்சம் உணர்ச்சிவசப்படறாங்க" என்றார் சிரிப்பு. "அவங்க கணவர் இல்லையா..."

"நான் கணவரைப் பத்திப் பேசல. ரப்பரைப் பத்திப் பேசறேன்" என்றேன். மருத்துவரம்மாவைப் பார்த்துச் சொன்னேன். "இந்த ரப்பர் தப்பா வெந்தது மேடம். உள்ள இரும்பு வரிசை குறுக்க ஓடுது. கரண்ட்டை அளவுக்கு மேல ஏத்தி நிக்க வெச்சிருக்காங்க. ரெண்டு நிமிஷம் நிக்கும். அப்புறம் சூட்டுல இளகிடும். மூடியைத் தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். "தப்பா எப்படி வெந்துச்சு? யாரு செஞ்சது?"

சிரிப்பு முந்திக்கொண்டார். "எங்க செய்முறையில ஒரு குறையும் இல்ல மேடம். அடுப்புல இருக்கிறவர் கொஞ்சம் கவனக்குறைவா..."

அடுப்பு அண்ணன் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"அவர் மேல தப்பில்ல" என்றேன். "செய்முறையை எழுதினது நான். அச்சை நிறுத்தி வைக்கணும்னு ஒரு வரி இருந்துச்சு. அதை நானே எடுத்துட்டேன். என்னை வேலையை விட்டு அனுப்பக் கூடாதுன்னு வேணும்னே எடுத்தேன். அவர் கேட்டப்போ பொய்யும் சொன்னேன்."

முதன்முறையாகச் சிரிப்பின் முகத்தில் சிரிப்பு இல்லை. அது இல்லாமல் பார்த்தால் சாதாரண முகம்தான். "நாளைக்குக் காலையில என் ரூமுக்கு வாங்க" என்றார்.

"வரேன். வரும்போது நீங்க நகல் எந்திரம் பக்கத்துல என்ன சொல்லிட்டுப் போனீங்கன்னும் சொல்றேன்" என்றேன். ஆனால் அதில் எனக்குச் சந்தோஷம் எதுவும் இல்லை. என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவரம்மா மற்ற இரண்டு பேரிடமும் தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு என்னிடம், "சரியா வெந்த ரப்பர் பண்ண முடியுமா?" என்றார்.

"முடியும். ரெண்டு வருஷமா பண்ணினேன்."

"மூணு வாரம் கழிச்சு வரோம். ஒரு மணி நேரம் இதே படியில ஏறி இறங்கிக் காட்டணும். அந்த விட்டுப்போன வரியை இப்பவே எழுதி என்கிட்ட குடுங்க. உங்க தலைக்குள்ள இருக்கிறதை நம்பி நான் யார் காலுக்கும் கையெழுத்துப் போட முடியாது."

அடுப்பு அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். யாரோ கீழே போய்ச் சுவரிலிருந்த தாளையே கழற்றிக்கொண்டு வந்தார்கள். ஆறாவது வரிக்கும் ஏழாவது வரிக்கும் நடுவில் இருந்த சின்ன இடத்தில் நுணுக்கி எழுதினேன்: அச்சுகளை நிறுத்தி வைக்கவும், படுக்க வைக்கக் கூடாது. பேனா அழுந்தி ஓரிடத்தில் காகிதம் கிழிந்தது.

நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரர் மேல்படியில் உட்கார்ந்துவிட்டார். பட்டையைத் தளர்த்திக் காலைக் கழற்றி என் பக்கத்தில் வைத்தார். கைகளை ஊன்றி, உட்கார்ந்தபடியே ஒரு படி இறங்கினார். அப்புறம் இன்னொரு படி. சிரிப்பு ஓடிப்போய்க் கை கொடுத்தார். "தள்ளுங்க" என்றார் அவர். குழுவினர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். இருபத்திரண்டு படியையும் அவர் அப்படித்தான் இறங்கினார், முன்பக்கம் பார்த்து. இஸ்திரி போட்ட கால்சட்டையின் பின்புறம் முழுக்கச் சிமெண்டுத் தூசி.

தாளை மருத்துவரம்மா படித்து, நகல் எடுக்கச் சொல்லிவிட்டு, மூலத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நான் ஒரு கையில் காலும் ஒரு கையில் தாளுமாகக் கீழே போனேன். அவர் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். கையை நீட்டினார். காலைக் கேட்கிறார் என்று நினைத்துக் காலை நீட்டினேன். தாளை வாங்கிக்கொண்டார்.

புதிதாக எழுதிய வரியை விரலால் தடவிப் படித்தார்.

"இவ்ளோதானா?" என்றார். "இந்த ஒரு வரிதானா?"

"ம்."

"யாருகிட்டேயிருந்து மறைச்சே?"

"சிரிப்புகிட்டேயிருந்து. வேற யாருகிட்டேயிருந்து? அந்த ஆள் என்னைத் தூக்கி எறியப் பார்த்தான். எனக்குன்னு ஒண்ணு வேணாமா கையில?" என் குரல் மறுபடியும் ஏறிற்று.

"கால் யாரோடது?"

கோபம் வந்தால் காது சிவப்பது எனக்கு மட்டும்தான் என்று பதினாறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய காதுகள் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன. அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பதிலுக்குக் கத்தத் தெரியும்.

பழைய காலை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அவரே மாட்டிக்கொண்டார். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மேல் வீட்டுப் பிள்ளைகள் தடதடவென்று படியில் இறங்கி வந்தார்கள். அவர் சுவரோரமாக ஒட்டி நின்று வழிவிட்டார். நான் கையை நீட்டினேன். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.